கழுத்துத் திரும்பாத ரோபோ

என்ட சாச்சாட மகன் தரம் பத்தில் படிக்கிறான். போன தவணை அவன்ட வாப்பாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, அவன்ட கையால ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்காங்க. குற்றம் என்னவென்றால், பாடசாலைக்குச் சொந்தமான மனித உருவ ரோபோவை அவன் கழற்றினது. அவன் களவெடுக்கல்ல, உடைக்கல்ல. கழற்றினான், ஒரு பகுதியை மாற்றினான், திரும்பப் பூட்டினான். அதுக்குப் பிறகு அந்த ரோபோ முன்னையை விட நல்லா வேலை செய்தது. கடிதத்தில் "இனிமேல் பாடசாலை உபகரணங்களில் கைவைக்க மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கு. கைவைக்காமல் எப்படி ஒருத்தன் ரோபோட்டிக்ஸ் படிப்பான் என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் வாய் வரல்ல. சாச்சாவுக்கும்தான். அவர் வீட்டுக்கு வந்து, "என்னத்துக்கு மனே உனக்கு இந்த வேல" என்று மட்டும் கேட்டாராம்.

பாடசாலையின் பெயரை நான் எழுதப் போறதில்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பஸ்ஸில் போகும்போது ரெண்டு பக்கமும் தெரியிற மதில்களில் எந்த மதிலாகவும் அது இருக்கலாம். அதுதான் பிரச்சினையே.

முதலில் அந்த ரோபோ என்ன சாமான் என்று சொல்லிடுறன். சீனாவில் இருந்து பெட்டியில் வருகிற அலுமினியச் சட்டக ரோபோ, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். உடம்பு முழுக்கப் பதினேழு சேர்வோ மோட்டார். காலுக்கு ஐந்து வீதம் பத்து, கைக்கு மூன்று வீதம் ஆறு, கழுத்துக்கு ஒன்று. எல்லாமே எம்ஜி996ஆர் என்ற ஒரே வகை. ஒன்று 55 கிராம். பதினேழையும் பெருக்கினால் 935 கிராம், அதாவது ரோபோவின் பாரத்தில் பாதிக்கு மேல் மோட்டார்தான். சேர்வோ என்றால் சும்மா சுத்திக்கொண்டே இருக்கிற மோட்டார் இல்ல. "தொண்ணூறு பாகையில் நில்" என்றால் அங்கே போய் நிற்கும், தள்ளினால் எதிர்த்துப் பிடிக்கும். ரிமோட் கார்களின் முன்சில்லைத் திருப்புவதற்குப் பாவிக்கிற சாமான். அதை முழங்காலாகவும் தோளாகவும் பாவிக்கலாம் என்று யாரோ நினைத்ததில்தான் பொழுதுபோக்கு ரோபோ என்ற உலகமே தொடங்கினது.

இந்த ரோபோ வந்து ரெண்டு வருசம். ரெண்டு வருசமும் ஒரு தடவை கூட நடக்கல்ல. கூட வந்த 5 வோல்ட், 2 ஆம்பியர் அடப்டரில் கொழுவி, மேசையில் நிற்க வைத்து, கையை ஆட்டச் செய்வார்கள், தலையைத் திருப்பச் செய்வார்கள். உள்ளே ஒரு புளூடூத் ஸ்பீக்கர் சலாம் சொல்லும். வீடியோ எடுக்கும்போது ஒரு பிள்ளை பின்னால இருந்து முதுகைப் பிடிச்சுக்கொண்டிருக்கும், கை மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். நடக்கச் சொன்னால் ஒரு அடி தூக்கும், எல்லா மூட்டும் ஒரு தடவை உதறும், இடது பக்கமாகச் சரியும். "அது டிஸ்ப்ளேக்கு உள்ள மொடல், நடக்காது" என்று சொல்லிவிட்டார்களாம். அறிவியல் கூடத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, "தொட வேண்டாம்" என்று கொம்பியூட்டரில் அடித்து ஒட்டியாச்சு.

என்ட தம்பிக்கு அதை நம்ப ஏலாமப் போச்சு. பெட்டியின் படத்தில் அது ஒற்றைக் காலில் நிற்குது. படத்தில் நிற்கிறது ஏன் இங்க நிற்காது?

நான் கலைப்பீடம். எனக்கும் ஓமுக்கும் வோல்டுக்கும் ஓஎல் முடிஞ்ச அண்டோடு தொடர்பு விட்டுப்போச்சு. அவன் என்னிடம் வந்ததுக்குக் காரணம் இங்கிலிஷ். கூட வந்த கைநூல் சீன இங்கிலிஷில் இருந்தது, ரோபோ கழகத்துக்குப் பொறுப்பான சேருக்கும் விளங்கல்ல. "ராத்தா இத வாசிச்சுச் சொல்லுங்க" என்று போனில் படம் படமாக அனுப்பினான். வாசித்து, நாலு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதிக் கொடுத்தன். அப்பதான் ஒரு விசயம் பிடிபட்டது. கொம்பியூட்டரின் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடி நாங்க எவ்வளவு சண்டை பிடிச்சிருக்கிறம். மனித உருவ ரோபோவில் அந்தச் சண்டையே இல்ல. முழங்கால், கணுக்கால், இடுப்பு, தோள்மூட்டு. உம்மாவுக்கும் தெரிஞ்ச சொற்கள்.

அதை விட முக்கியம், பிழை எங்கே என்று தெரிஞ்சுகொள்ள உங்கட உடம்பே போதும். முற்றத்தில் அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னன். நின்றான். இப்ப மதிலோடு வலது தோளையும் வலது பாதத்தையும் ஒட்டி வைத்துக்கொண்டு இடது காலைத் தூக்கு என்றன். தூக்க ஏலாது. நீங்களும் செய்து பாருங்க. காலைத் தூக்க முதல் எங்கட உடம்பு மற்றப் பக்கம் சாயுது, எங்களுக்குத் தெரியாமலே. மதில் அந்தச் சாய்வை மறிக்குது. அந்த ரோபோவுக்கு எழுதிக் கொடுத்த நடையில் அந்தச் சாய்வு மிகக் குறைவாக இருந்தது. உடம்பின் பாரம் நிற்கிற பாதத்துக்கு மேலே வரும் முன்பே மற்றக் காலைத் தூக்கிடும். பிறகு விழாமல் என்ன செய்யும்?

மூன்று வாரம், இடைவேளைகளிலும் வியாழக்கிழமை பின்னேரங்களிலும் அவனும் ரெண்டு கூட்டாளிமாரும் அதில் வேலை செய்தாங்க. என்ன செய்தாங்க என்று விபரமா எழுதுறன், ஏனென்றால் "ஏதோ நோண்டினானுகள்" என்றுதான் ஊருக்குள் கதை.

அடப்டரைக் கழற்றினார்கள். இந்த சேர்வோ ஒன்று முட்டுப்பட்டு நிற்கும்போது 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். பத்துக் கால் மோட்டாருக்கு 2 ஆம்பியர் அடப்டர் என்பது பத்துப் பேருக்கு ஒரு கோப்பை கஞ்சி. ஒவ்வொரு அடிக்கும் வோல்ட்டு விழும், மூளைப் பலகை அணைஞ்சு திரும்பத் தொடங்கும், அதுதான் அந்த உதறல். கூட்டாளி ஒருத்தன்ட காக்கா ரிமோட் கார் வைச்சிருந்தார், அந்த லித்தியம் பற்றரியையும் வோல்ட்டைக் குறைக்கிற ஒரு சின்னப் பலகையையும் கடன் வாங்கினார்கள். பற்றரியை நெஞ்சில் கட்டாமல் இடுப்பில் கட்டினார்கள், பாரம் கீழே இருந்தால் நல்லது என்று. பாதத்தின் அடியில் பழைய பாத்ரூம் செருப்பை வெட்டி ஒட்டினார்கள், டைல்ஸில் வழுக்காமல் இருக்க.

பிறகு முழங்கால். வீட்டுத் தராசில் ரோபோ 1 கிலோ 800 கிராம். ஒற்றைக் காலில், முழங்காலை மடிச்சு நிற்கும்போது உடம்பின் பாரம் முழங்கால் அச்சிலிருந்து 4 சென்ரிமீட்டர் பின்னால விழுகுது என்று அடிமட்டத்தால் அளந்தான். 1.8 தர 4, 7.2. அந்த சேர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ சென்ரிமீட்டர் தாங்கும் என்று கடதாசியில் இருக்கு. கடதாசியில் இருக்கிற முழுப் பலத்தையும் மலிவுச் சாமான் தருமா? இடது முழங்கால் தரல்ல, சுடும், நழுவும். ஆகவே ரெண்டு வேலை. ஒன்று, முழங்காலைக் கொஞ்சம் நிமிர்த்தி அந்த 4 சென்ரிமீட்டரை 2 ஆக்கினது. அதோடு சுமை பாதி. மற்றது, களைச்சுப்போன அந்த சேர்வோவைக் கழற்றிட்டு நல்ல ஒன்று போட வேணும். புதிசு வாங்கக் காசு இல்ல. பதினேழில் ஆகக் குறைவாக உழைக்கிறது எது? கழுத்து. கழுத்து சேர்வோவைக் கழற்றி முழங்காலில் பூட்டி, முழங்காலில் இருந்ததைக் கழுத்தில் பூட்டினான்.

இதை விட நல்ல ஒரு பொறியியல் முடிவை இந்தத் தவணை யாராவது எங்கட ஊரில் எடுத்தார்களா எனக்குத் தெரியாது.

ரோபோ நடந்தது. நாலு அடி, ஆமை மாதிரி. நிலத்தில், யாரும் முதுகைப் பிடிக்காமல். வீடியோ என்னிடம் இருக்கு, வோய்ஸில் மூன்று பொடியன்களும் அல்லாஹு அக்பர் என்று கத்துறது கேட்கும்.

அடுத்த கிழமை கண்காட்சி. பிரதம அதிதி வந்து ரிப்பன் வெட்டி ரோபோவுக்கு முன்னால நின்றார். ஏற்பாட்டின்படி அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்து சலாம் சொல்ல வேணும். சலாம் சொன்னது. தலை திரும்பல்ல. கழுத்துக்குப் போன பழைய முழங்கால் சேர்வோவின் பல்லுச் சில்லு தேஞ்சிருந்தது, கிர் கிர் என்று சத்தம் மட்டும். அதிதி சிரிச்சுக்கொண்டு நகர்ந்திட்டார், அவர் பொருட்படுத்தினதாகவே தெரியல்ல என்று தம்பி சொல்றான். பொருட்படுத்தினவர்கள் மற்றவர்கள். விசாரணை, வாப்பா, கடிதம். "நடக்க வைச்சோம் சேர்" என்று சொன்னதுக்கு, "யார் உன்னை நடக்க வைக்கச் சொன்னது?" என்று பதில்.

இந்தக் கேள்வியை நான் கோபத்தோடு கொஞ்ச நாள் சுமந்து திரிஞ்சன். பிறகு யோசித்தால், கேட்டவரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல. பாடசாலையில் ஒரு சாமான் வந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறும். வருசா வருசம் கணக்கெடுப்பு வரும். பதினேழு மோட்டார் என்று பதிஞ்சால் பதினேழு இருக்க வேணும், இல்லாவிட்டால் பொறுப்பான ஆசிரியர் பதில் சொல்ல வேணும், சிலவேளை காசும் கட்ட வேணும். சம்பளம் எடுத்து வாழ்ற மனுசன் பயப்படத்தான் செய்வார். கணக்கெடுக்க வாறவருக்கு நடக்கிற ரோபோவும் நடக்காத ரோபோவும் ஒன்றுதான், எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எங்கட பிள்ளைகளின் ரோபோட்டிக்ஸை உண்மையில் நடத்துறது அந்தப் பதிவேடு.

அப்ப அந்தப் பதிவேட்டைத்தான் மாற்ற வேணும். அறிவியல் கூடத்து அமிலத்தையும் காந்தகத் துண்டையும் சோக்கையும் யாரும் திருப்பிக் கேட்கிறதில்ல. அது பாவித்து முடிகிற பொருள். பழகுகிற பிள்ளையின் கையில் சேர்வோவும் அப்படித்தான், பல்லுத் தேயும், கருகும். தேயாமல் கருகாமல் படிக்க வழி இல்ல. ரோபோ பெட்டி வாங்குறதுக்கு நன்கொடை கொடுக்கிற பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதைத்தான் சொல்றன்: அடுத்த தடவை ஒரு பெட்டி குறைச்சு வாங்குங்க, அந்தக் காசுக்கு இருபது சேர்வோவும் ஒரு சோல்டரிங் அயனும் வாங்கி, பாவனைப் பொருளாகப் பதியச் சொல்லுங்க. திறப்பு விழா வைக்க ஏலாதுதான். இருபது சேர்வோவுக்கு யார் ரிப்பன் கட்டுவார்?

பாடசாலையோடு மட்டும் முடியிற கதையும் இல்ல. இப்ப ஒவ்வொரு சந்தியிலும் ரோபோட்டிக்ஸ் கிளாஸ். பிள்ளை போகும், பெட்டி தருவார்கள், தாளில் உள்ளபடி பூட்டும், விளக்கு மினுங்கும், போட்டோ எடுப்பார்கள், பெட்டியைத் திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்கள். கடைசியில் சான்றிதழ். பிறகு பேஸ்புக்கில் "எமது மண்ணின் இளம் கண்டுபிடிப்பாளர்". கண்டுபிடிப்பு என்ற சொல்லை நாங்க கெடுத்து வைச்சிருக்கிறம். பெட்டியில் வந்ததைத் தாளில் உள்ளபடி பூட்டுறது கண்டுபிடிப்பாம். பெட்டியில் வந்ததன் குறையைப் பிடிச்சுத் திருத்தினது ஒழுங்கீனமாம்.

இது எங்கட ஊர் வருத்தம் மட்டுமில்ல. 2026 பெப்ரவரியில் டில்லியில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் கல்கோட்டியாஸ் பல்கலைக்கழகத்தின் கூடத்தில் ஒரு ரோபோ நாய் நின்றது. பெயர் ஓரியன், எங்கட பல்கலைக்கழகத்தில் உருவானது என்ற மாதிரி கமராவுக்கு முன்னால சொல்லப்பட்டது. பார்த்தவர்கள் உடனே கண்டுபிடிச்சிட்டார்கள், அது சீனாவின் யுனிட்ரீ விற்கிற கோ2. கூடத்தைக் காலி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் சிரிச்சார்கள், சீனச் சாமானை வாங்கினதுக்காக. சிரிக்க வேண்டிய இடம் அது இல்லையே. வாங்கினதில் ஒரு வெட்கமும் இல்ல. வாங்கி, பெயரை மட்டும் மாற்றினதுதான் வெட்கம். "இதை வாங்கினோம், முன்னங்காலை இப்படி மாற்றினோம், இப்ப மணலில் புதையாமல் நடக்குது" என்று சொல்லியிருந்தால் யார் சிரிப்பார்? எங்கட கண்காட்சிகளில் நிற்கிற ரோபோக்களுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க: பெயரைத் தவிர எதை மாற்றினீங்க?

மாற்றுறதுக்கு உலகத்தில் பெரிய மரியாதை இருக்கு. ஜப்பானில் 2002இல் ரோபோ-வன் என்று ஒரு போட்டி தொடங்கினது, ரெண்டு காலில் நடக்கிற வீட்டுத் தயாரிப்பு ரோபோக்களின் குத்துச்சண்டை. ரிமோட் கார்களுக்கு சேர்வோ செய்துகொண்டிருந்த கொண்டோ கம்பனி அந்தச் சூட்டில் 2004இல் கேஎச்ஆர்-1 என்ற பெட்டியை விற்றது, அதிலும் பதினேழு சேர்வோ. வாங்கினவர்கள் அதை வந்தபடியே வைச்சிருக்கல்ல. காலை நீட்டினார்கள், இடுப்பில் ஒரு மூட்டுக் கூட்டினார்கள், சாய்வை உணர்கிற ஜைரோ பூட்டினார்கள். 2010இல் டென்னிஸ் ஹொங்கின் குழு டார்வின்-ஓபி செய்தபோது உடம்பின் வரைபடங்களையும் மென்பொருளையும் எல்லாருக்கும் திறந்தே விட்டது. எடுத்துத் திருத்துங்க என்றுதான் அதுக்கு அர்த்தம்.

அதெல்லாம் காசுக்காரர் நாடு என்று சொல்வீர்கள். சரி, மும்பாய். கேந்திரிய வித்தியாலயத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற தினேஷ் பட்டேல் என்ற ஆசிரியர் பிளாஸ்டிக், காட்போட், மரம், அலுமினியம் என்று கழிவுச் சாமான்களில் ஷாலு என்ற பெண் உருவ ரோபோவைச் செய்தார். மூன்று வருசம், ஏறத்தாழ ஐம்பதாயிரம் இந்திய ரூபா. தூண்டினது எங்கட ரஜினியின் எந்திரன், அவர் ஹிந்தியில் பார்த்தது. 2021இல் செய்தியானது. நாங்களும்தான் 2010இல் எந்திரன் பார்த்தோம், பெருநாளைக்கு டிவியில் இன்னும் பார்க்கிறம். பார்த்துவிட்டுக் காட்போட் எடுத்தவர் அவர்.

இனி என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விக்கு வாறன். "நீ ஆர்ட்ஸ், உனக்கு இதில என்ன?" கெம்பஸில் டெக்னோலஜிக்காரர் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். ஏஎல்லில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்ததிலிருந்து பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறதுக்கு இன்னும் ஒரு பெட்டி கூடினது, அவ்வளவுதான். இன்மூவ் என்று ஒரு ரோபோ இருக்கு. ஆளளவு உயரம், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துண்டு துண்டாக அச்சடிச்சுப் பூட்டலாம், வரைபடம் முழுக்க இலவசம். உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அதைச் செய்கிறார்கள். 2012இல் தொடங்கினவர் கேல் லாங்கவின், பிரான்சுக்காரர், தொழில் சிற்பம். பொறியியலாளர் இல்ல. கையின் வடிவம், விரல் எந்த வளைவில் மடியும், பிடி எங்கே விழும், இதெல்லாம் சிற்பிக்குத்தான் தெரியும்.

அந்தக் கையின் உள்ளே விரலை இழுக்கிறது என்ன தெரியுமா? மீன்பிடிக்கிற நூல். விரல் துண்டுகளுக்குள்ளால நூலைக் கோத்து, முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிற சேர்வோவில் கட்டுறது. எங்கட உடம்பில் தசைநார் செய்கிற வேலை. இதைப் படித்துவிட்டு நானும் தம்பியும் தங்கூசி வாங்கி ஒரு காட்போட் விரல் செய்தம். ரெண்டு நாளில் தொய்ஞ்சு போச்சு. கரைவலைக்குப் போற எங்கட மாமா பார்த்துவிட்டு, "தங்கூசி இழுபடும்டா, பின்னின நூல் எடு" என்றார். இன்மூவ் செய்கிறவர்களும் பின்னின நூலைத்தான் பாவிக்கிறார்கள் என்று பிறகுதான் வாசித்தன். மாமா ஏழாம் வகுப்போடு நின்றவர். இந்தக் கரையில் நூல் எது, முடிச்சு எது, உப்புக்காற்றில் எது துருப்பிடிக்கும் என்று தெரிஞ்சவர்கள் எத்தனை பேர். மருதமுனையில் தறி பழுதானால் கொழும்பில் இருந்து ஆள் வரும் வரை பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள்? ஆனால் ரோபோ கண்காட்சிக்கு இவர்கள் யாரையும் நடுவராகக் கூப்பிட மாட்டம். மேடைக்குக் கோட் போட்டவர்தான் வேணும்.

மற்றது, மார்க்கக் கேள்வி. மனித உருவம் செய்யலாமா என்று பள்ளியில் ஒருத்தர் தம்பியைக் கேட்டிருக்கிறார். நான் ஆலிம் இல்ல, பத்வா சொல்ல வரல்ல. உருவம் பற்றிய கேள்வி நேர்மையான கேள்விதான், அறிஞர்கள் பேசட்டும். ஆனால் ஒரு விசயம் உறுத்துது. பெட்டியில் வந்த ரோபோ ரெண்டு வருசம் அலுமாரியில் நின்றபோது இந்தக் கேள்வி வரல்ல. பொடியன் அதன் முழங்காலைத் தொட்டதும் வந்தது.

அதே கண்காட்சியில், அதே ரோபோவின் தலைக்கு மேலே, அல்-ஜஸரியின் படம் பெரிய பேனரில் தொங்கினது. "ரோபோட்டிக்ஸின் தந்தை ஒரு முஸ்லிம்". சந்தோசம். அவர் என்ன செய்தார் என்று யாராவது கீழே ரெண்டு வரி எழுதியிருக்கலாம். இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில் அர்த்துக்கிய மன்னர்களிடம் வேலை செய்தவர், 1206இல் தன் இயந்திர நூலை முடித்தார். வுழூ செய்யத் தண்ணீர் ஊற்றுகிற மனித உருவம் ஒன்று அதில் இருக்கு. வேலையாளோ அடிமைப் பெண்ணோ தன் கையில் தண்ணீர் ஊற்றுறது மன்னருக்குப் பிடிக்காததால் அதைச் செய்யச் சொன்னார் என்று அவரே எழுதுகிறார். அதைவிட எனக்குப் பிடித்த இடம் வேற. நீரூற்று பற்றிய பகுதியில், தனக்கு முன்னூறு வருசத்துக்கு முந்தி பக்தாதில் இருந்த பனூ மூஸா சகோதரர்களை நேரடியாகப் பிழை பிடிக்கிறார். அவர்களின் ஊற்று மிக விரைவாக வடிவம் மாறுது, பார்க்கிறவருக்கு அனுபவிக்க நேரம் போதாது என்கிறார். அதனால் நிரம்பினதும் கவிழ்கிற வாளிகளை வைத்துத் தான் வேற மாதிரிச் செய்கிறார். பெரியவர்கள் செய்த சாமான் என்று கண்ணாடிக்குள் வைக்கல்ல. எங்கட பாடசாலையில் படிச்சிருந்தால் அல்-ஜஸரிட வாப்பாவையும் கூப்பிட்டிருப்பார்கள்.

இவ்வளவு கோபம் ஒரு பொம்மைக்காகவா என்று கேட்கலாம். இப்ப பொம்மைதான். 2017 ஒக்டோபரில் றியாத்தில் சோபியா என்ற ரோபோவுக்கு சவூதிக் குடியுரிமை கொடுத்தார்கள். சொன்னதைச் சொல்ற, முகத்தைச் சுழிக்கிற ஒரு கண்காட்சிச் சாமான். அதே நாட்டில் எங்கட கிழக்கு மாகாணத்துப் பெண்கள் பத்து வருசம் வீட்டு வேலை செய்தாலும் கபீலின் கையெழுத்து இல்லாமல் அசைய ஏலாத காலம் அது. மூதூரின் றிசானா நபீக்கை 2013 ஜனவரி 9ஆம் திகதி கொன்ற நாடு. பதினேழு வயசில், பாஸ்போட்டில் வயசைக் கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளை. அவளுக்கு நீதிமன்றத்தில் அவளின் மொழி விளங்குகிற ஒரு ஆள் ஒழுங்காக இருக்கல்ல, ரோபோவுக்கு மேடையும் மைக்கும் இருந்தது.

2025 ஒக்டோபரில் 1எக்ஸ் என்ற கம்பனி நியோ என்ற வீட்டு வேலை ரோபோவுக்கு ஓடர் எடுக்கத் தொடங்கினது. விலை 20,000 டொலர். உடுப்பு மடிக்கும், கோப்பை அடுக்கும். தெரியாத வேலை வந்தால் எங்கேயோ இருக்கிற ஒரு மனிதர் கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு அதைத் தூரத்திலிருந்து இயக்குவார். அந்த மனிதர் எந்த நாட்டில் இருப்பார், என்ன சம்பளத்துக்கு இருப்பார் என்று யோசிச்சுப் பாருங்க. இந்தச் சாமான் வெற்றி பெறுமா தெரியாது, நான் அவ்வளவு நம்பல்ல. ஆனால் பெற்றால், முதலில் பறிபோகிறது எங்கட உம்மாமாரின், ராத்தாமாரின் வேலை. அது நல்ல விசயம் என்றும் சொல்லலாம், அந்த வேலை அப்படிப்பட்ட வேலை. ஆனால் பிறகு என்ன? அந்த இயந்திரத்தின் முழங்கால் சுட்டால் கழற்றி மாற்றத் தெரிஞ்ச ஆட்கள் எங்கட கரையில் இருப்பார்களா, அல்லது அதன் கண்ணுக்குள்ளால இன்னொருத்தர் வீட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆட்களா? தரம் பத்துப் பொடியனிடம் வாங்கின கடிதம் அதில் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்தாச்சு.

ரோபோவைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்பினார்கள். புதுக் கழுத்து சேர்வோ போட்டு வந்திருக்கு. செருப்பு ரப்பரைப் பிய்த்து எறிஞ்சு, அடப்டரைத் திரும்பக் கொழுவி, முழங்காலின் கோணத்தை "கம்பனி செட்டிங்குக்கு" மாற்றியும் இருக்கிறார்கள். இப்ப தலை நல்லாத் திரும்புது. அலுமாரியில் நிற்குது.

அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லி நானும் சாச்சாவும் அதிபரைப் பார்க்கப் போறம், நாள் கேட்டிருக்கிறம். தம்பி மூன்று சேர்வோ சேர்த்திட்டான், ஒரு காலுக்கு இன்னும் ரெண்டு வேணும். உங்கட வீட்டில் பிள்ளை விட்டெறிஞ்ச ரிமோட் கார், முறிஞ்ச பெட்டி ரோபோ ஏதாவது கிடந்தால் எறிய வேணாம், தாங்க. என்ட நாலு பக்கக் குறிப்பும் கேட்கிற ஆளுக்குத் தருவன். ஆனால் முதல் பிரதி யாரிடமாவது இருந்தால் மூன்றாம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்க: சேர்வோவின் மூன்று வயரில் மண்ணிறம்தான் கழிவு, சிவப்பு சக, செம்மஞ்சள் சைகை. நான் மண்ணிறத்தையும் சிவப்பையும் மாற்றி எழுதிட்டன். அதனால்தான் அவனிடம் நாலு இல்லாமல் மூன்று இருக்கு.